பிறந்தநாள் பிரியாணி போதும், தாலுகா ஆபீசுக்கு வாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் ஏதோ ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பிரியாணி அண்டா போகும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கரைவேட்டிகள் பின்னால் நிற்கும். போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் அண்டா திறக்கும். இதில் நீலக்கொடி கட்டிய நம்முடையவர்களும் உண்டு. மறைப்பானேன், ஒரு ஏப்ரல் 14 அன்று நாங்களும் அப்படி ஓர் அண்டாவுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டியவர்கள்தான்.

அந்தப் படத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை மூன்று வருடம் கழித்து எங்கள் தோழர் ஒருவருக்குப் போன் செய்தாள். ப்ளஸ் டூ முடித்து, பதினெட்டு முடிந்ததால் இல்லத்தை விட்டு வெளியே வந்து, கல்லூரியில் சேர்ந்து, அரசு விடுதியில் தங்கியிருந்தாள். "தீபாவளிக்கு ஹாஸ்டல் மூடுறாங்கக்கா. எல்லாரும் ஊருக்குப் போறாங்க. நாலு நாள் நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டாள்.

மாநாடு போடத் தெரிந்தவர்கள் நாங்கள். சுவரொட்டி ஒட்டத் தெரியும், வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை போட வைக்கத் தெரியும். இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இல்லங்களிலிருந்து வெளியேறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது என்ற வேலைக்கு நாங்கள் வந்தது இப்படித்தான். கொள்கை முடிவெல்லாம் எடுத்து வரவில்லை. வெட்கப்பட்டு வந்தோம்.

இந்த வேலைக்கு இப்போது நாகரிகமான ஒரு பெயர் இருக்கிறது: மென்ட்டர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனி டீ-சர்ட் போட்டவர்கள் வருகிறார்கள். கல்லூரி செமினார் ஹாலில் இரண்டு மணி நேரம், புரொஜெக்டரில் அப்துல் கலாம் படம், பெரிதாகக் கனவு காணுங்கள் என்று ஒரு பேச்சு, கடைசியில் சான்றிதழ். வந்தவர்களின் நல்ல மனசை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் கனவு காணத் தெரியாததா இந்தப் பிள்ளைகளின் சிக்கல்? அரியலூர் மாவட்டம் குழுமூரில் ஒரு பிள்ளை 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்து மருத்துவக் கனவு கண்டது. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 செப்டம்பர் 1 அன்று அனிதாவை நாம் இழந்தோம். இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே அவள் பெயரில் அரங்கமும் இருக்கிறது. மூட்டை தூக்கிப் படிக்க வைத்த அப்பாவும் கூடவே நின்ற அண்ணன்களும் இருந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்த அமைப்பு இதைச் செய்தது. அப்பாவும் அண்ணனும் இல்லாத பிள்ளையிடம் போய் ஊக்க உரை ஆற்றுவதை என்னவென்று சொல்வது?

இந்தப் பிள்ளைகள் வானத்திலிருந்து விழுந்தவர்கள் அல்ல. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓடும் டிப்பர் லாரிகளை வீட்டு வாசலில் நின்று பார்த்தால் போதும். பெரம்பலூரில் கல் உடைக்கும் குவாரிகள். 2017இல் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து செத்தவர்களின் செய்தி இன்னும் நினைவிருக்கும். 2023 அக்டோபரில் விரகாலூர் வெடி ஆலை வெடித்தது. இவற்றோடு ஒவ்வொரு ஊர் எல்லையிலும் டாஸ்மாக். தகப்பன் போய்விடுவான். தாய் திருப்பூருக்கு வேலைக்குப் போவாள், அல்லது வேறொரு குடும்பத்துக்குப் போவாள். பாட்டி இரண்டு வருடம் வைத்துப் பார்ப்பாள், முடியாதபோது கொண்டுபோய் இல்லத்தில் விடுவாள். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கும் முறை பெருமளவு உண்டு. நம் சட்டத்திலும் வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் சேரிப் பிள்ளைக்கு வாய்ப்பது இல்லம்தான். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். இல்லத்துச் சாப்பாட்டு வரிசையில் நம் தெருப் பிள்ளைகள் அதைவிடக் கூடுதலாக உட்கார்ந்திருப்பதை அண்டாவுக்குப் பின்னால் நிற்கும் எவரும் பார்க்கலாம்.

சாவுக்கும் இங்கே தராதரம் உண்டு. 2021இல் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு மாநில அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது. ஒன்றிய அரசு 23 வயதில் 10 லட்சம் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டோம். அதே வருடம் லாரி அடித்துச் செத்தவனின் பிள்ளைக்கு? 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம்தான் காரணம் பார்க்காமல் மாதம் 2,000 ரூபாய் என்று வந்தது. அதுவும் 18 வயது வரைதான். அதற்குமேல் கல்லூரிப் படிப்புக்கு வழி செய்யப்படும் என்கிறார்கள். அந்த வழியைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 46 இதற்கென்றே இருக்கிறது. பிற்காப்பு என்று அதற்குப் பெயர். 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதி உதவி வழங்கலாம் என்கிறது. கவனியுங்கள் தோழர்களே, 'வழங்க வேண்டும்' என்று இல்லை, 'வழங்கலாம்'. அந்த 'லாம்' என்ற ஒற்றை விகுதிக்குள் எத்தனை பிள்ளைகளின் படிப்பு போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத்தான் தெரியும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் தங்குமிடம், உயர்கல்வி உதவித்தொகை, தொடர்ந்து தொடர்பில் இருக்கும் ஆலோசகர் எல்லாம் எழுதியிருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்று தொகையும் குறித்திருக்கிறார்கள். வயது வரம்பு 21. கலைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தால் தப்பிக்கலாம். பொறியியல் எடுத்தால் கடைசி வருடத்தில் கையை விட்டுவிடும். சிறப்புக் காரணம் காட்டி 23 வரை நீட்டிக்கலாமாம். அங்கேயும் ஒரு 'லாம்'. இங்கிலாந்தில் 2017இல் சட்டம் திருத்தி, அரசுப் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர் கேட்டால் 25 வயது வரை அவருக்கென்று ஓர் ஆலோசகரை உள்ளாட்சி நிர்வாகம் தந்தே தீர வேண்டும் என்று ஆக்கினார்கள். அங்கே அது அரசின் கடமை. இங்கே அந்த ஆலோசகர் இடம் காலியாகக் கிடக்கிறது, அதில் டீ-சர்ட்காரர்கள் வந்து உட்கார்ந்து கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இப்போது சாதிச் சான்றிதழுக்கு வருவோம். எங்கள் வேலையில் பாதி இதுதான், சண்டையில் முக்கால்வாசியும் இதுதான்.

தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பதிவு இருக்கிறது. பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாருமே இல்லாமல், அரசின் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் என்கிறது அது. என்ன சாதி என்றே தெரியாத பிள்ளைக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும் என்று நல்ல நோக்கத்தில் வைத்தது. ஆனால் எளிதான வழி ஒன்று இருந்தால் எல்லா வண்டியும் அதிலேயே போகும் அல்லவா? அப்பன் பெயர் தெரியும், ஊர் தெரியும், காலனியில் பாட்டி உயிரோடு இருக்கிறாள், ஊராட்சிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கும் கும்பலோடு கும்பலாக பிசி சான்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு இந்தப் பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது. அதை எடுத்துச் சொல்ல அந்த வயதில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படி ஒரு பையன். பாட்டியைக் கண்டுபிடித்தோம். பழைய பள்ளியில் பதிவேட்டு நகல் வாங்கினோம். பாட்டியின் ரேஷன் கார்டு, சித்தப்பாவின் சாதிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். இருக்கையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி நல்லாத்தானே பிசியில இருக்கான்? எதுக்குங்க எஸ்சிக்கு இறக்குறீங்க?"

இறக்குறீங்க. பாட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சொல் புதிதில்லை போலும், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையன் தலை குனிந்தான். அன்று அங்கே சண்டை போட்டோம், பலன் இல்லை. மொத்தம் ஏழு நடை. சான்றிதழ் வந்தபோது பொறியியல் கலந்தாய்வு முடிந்திருந்தது. கிடைத்த கலைக் கல்லூரியில் இப்போது படிக்கிறான். நாங்கள் இரண்டு வருடம் முன்னாலேயே, அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோதே போயிருந்தால் இது நடந்திருக்காது. அந்தத் தப்பு எங்களுடையது.

முற்போக்கு நண்பர்கள் சிலர் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். "அந்தப் பிள்ளையாவது சாதி இல்லாமல் வளரட்டுமே, நீங்கள் ஏன் தேடிப்பிடித்துச் சாதியை ஒட்டுகிறீர்கள்?" கேட்க அழகாக இருக்கிறது. சாதி ஒழிய வேண்டும் என்று எங்களைவிட அதிகமாக விரும்புகிறவர்கள் யாராவது இருந்தால் வரட்டும். ஆனால் சாதி அந்தப் பிள்ளையை விட்டதா என்று முதலில் பாருங்கள். கல்லூரியில் முதல் நாள் பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்பது, "எந்த ஊரு?" அடுத்த கேள்வி, "ஊருல எந்தப் பக்கம்?" இல்லத்தில் வளர்ந்தேன் என்றால், "சரி, உங்க அப்பா ஊரு எது?" மூன்றாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவான். கையில் கட்டிய கயிறு வண்ணத்தை வைத்தே சாதி சொல்லும் மாவட்டங்கள் உள்ள மாநிலம் இது. ஆக, இழிவு முழுசாக வந்து சேர்கிறது. வராமல் போவது எது? 18 சதவீத ஒதுக்கீடு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம். நாளைக்கே எவனாவது சாதியைச் சொல்லித் திட்டி அடித்தால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட அவளிடம் சான்று கிடையாது. சாதி இருக்கிறது, சாதிக்கு எதிரான ஆயுதம் மட்டும் பிடுங்கப்பட்டுவிட்டது. சாதியற்ற பிள்ளை என்று நீங்கள் கொண்டாடுவது இந்த நிலையைத்தான்.

மற்ற வேலைகள் சின்னச் சின்னவை. கேட்டால் சிரிப்பீர்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு இல்லக் கண்காணிப்பாளரின் போன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை வெளியேறி ஆறு மாதம் ஆன பிறகும் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் மாறுதலாகி வேறு ஊர் போயிருப்பார். சிறுவயதில் தொடங்கிய வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும், புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வராமல் நிற்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் யார் யார் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். எந்தக் குடும்பம்? ரேஷன் கார்டில் இவள் பெயரே இல்லை. உதவித்தொகை பிள்ளையின் கணக்கில் வந்த பிறகு கட்டணம் கட்டலாம் என்பது ஏற்பாடு. தனியார் கல்லூரி வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது, பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போ என்பார். இங்கே தேவைப்படுவது அறிவுரையா? அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போய், "நான் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு" என்று கவுண்டரில் சொல்ல ஓர் ஆள். அவ்வளவுதான். பெற்றவர்கள் உள்ள பிள்ளைக்கு இதைச் செய்தால் யாரும் மென்ட்டர் என்று சொல்வதில்லை.

அண்ணலின் வாழ்க்கையை மேடையில் நாம் ஆயிரம் முறை சொல்கிறோம். கெலுஸ்கரைப் பற்றி எத்தனை முறை சொன்னோம்? மும்பையில் ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாமல், பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவில் போய் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த பையனை, கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர் பார்த்தார். யார் என்று விசாரித்தார், புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் மெட்ரிக் தேறியபோது தானே மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அதோடு வாழ்த்திவிட்டுப் போயிருந்தால் கதை வேறு. கல்லூரிச் செலவுக்கு வீட்டில் பணம் இல்லை என்று தெரிந்ததும் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் கூட்டிக்கொண்டு போனார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. அந்தப் பாதைதான் 1913இல் கொலம்பியா வரைக்கும் நீண்டது. ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வரலாற்றின் மறுபக்கமும் நமக்குப் பாடம். 1917இல் அத்தனை படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பினார். சம்பளம் இருந்தது, பதவி இருந்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார், தடியோடு கூட்டமாக வந்து விரட்டினார்கள். மன்னரின் உதவித்தொகை கொலம்பியா வரை அனுப்பியது, ஒரு ராத்திரி படுக்க இடம் தரவில்லை. எங்களுக்குப் போன் செய்த பிள்ளையின் கேள்வி அதே கேள்விதான்.

அரசு விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய், நாளைக்கு ஐம்பது. டீ, வடை விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெயர்ப்பலகை மாறியது. தீபாவளிக்குத் தொங்கும் பூட்டு மாறவில்லை. போக வீடில்லாத மாணவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒரு விடுதியையாவது விடுமுறையில் திறந்து வைக்க வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும், பெண்கள் விடுதிக்குக் காவலும் வேண்டும். பெரிய செலவில்லை. பிற்காப்புப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்கு 4,000 ரூபாய் போகிறது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒவ்வொரு கல்வியாண்டும் எண்ணிக்கையை வெளியிட வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். மனுவை வாங்கிக்கொள்கிறார்கள்.

அரசை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நாங்கள் நேர்மையில்லாதவர்கள். ஒதுக்கீட்டில் படித்து, ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, திருச்சியில் வீடு கட்டி, வீட்டுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாதி தெரியாமல் காலம் தள்ளும் அண்ணன்கள், அக்காக்களே, உங்களைத்தான் சொல்கிறோம். 1956இல் ஆக்ராவில் அண்ணல் மனம் நொந்து பேசியது உங்களைப் போன்ற படித்தவர்களைப் பற்றித்தான். நன்கொடை கேட்டால் ஐயாயிரம் தருகிறீர்கள், மறுப்பதே இல்லை. வீட்டில் நான்கு நாள் ஒரு பிள்ளை தங்கலாமா என்று கேட்டால், "வீட்டுல கேட்டுச் சொல்றேன் தோழர்" என்கிறீர்கள். அப்புறம் போன் எடுப்பதில்லை. உங்கள் தயக்கம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்கள் தெருவுக்கு உங்களைத் தெரிந்துவிடும்.

சேர விரும்புகிறவர்களுக்கு எங்கள் கட்டுப்பாடுகள் சில உண்டு. முதலில், படம் எடுக்கக் கூடாது. முகநூலில் "நான் படிக்க வைக்கும் பிள்ளை" என்று ஒரு வரி எழுதினாலும் அன்றோடு சரி. பெண்பிள்ளைகளுக்குப் பெண் தோழர்கள்தான் பொறுப்பு. எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒருவர் போவதில்லை, இரண்டு பேர் போக வேண்டும். கையில் பணம் கொடுப்பதில்லை. மதம், கட்சி எதையும் திணிப்பதில்லை, எங்கள் கட்சியையும் சேர்த்துத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் விலகக் கூடாது என்பதுதான் ரொம்ப முக்கியம். ஏற்கெனவே விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஆறு மாதம் பாசமாகப் பேசிவிட்டு நம்பரை மாற்றிக்கொள்கிறவர் வராமலே இருப்பது உத்தமம். எங்களிலேயே அப்படி இரண்டு பேர் போனார்கள். அந்தப் பிள்ளைகள் அதன்பிறகு எங்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

முதலில் போன் செய்த அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தத் தீபாவளிக்குத் துறைமங்கலத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் தங்கினாள். வந்த அன்றே பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்து வைத்துவிட்டாளாம். "விருந்தாளியா வந்த பிள்ளை ஏன்டி தேய்க்கிற?" என்று கேட்டதற்கு, "சும்மா இருந்தா அடுத்த தடவை கூப்பிட மாட்டீங்களோன்னுதான்" என்றாளாம். டீச்சரம்மா இதை எங்களிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். அடுத்தடுத்த தீபாவளிகளுக்கும் அங்கேதான். இப்போது பி.எட். படிக்கிறாள்.

இந்த வருடம் தீபாவளிக்கு இடம் வேண்டிய பிள்ளைகள் பதினொரு பேர். ஏழு வீடு கிடைத்திருக்கிறது: பெரம்பலூரில் மூன்று, அரியலூரில் இரண்டு, செந்துறையில் ஒன்று, ஜெயங்கொண்டத்தில் ஒன்று. இன்னும் நான்கு வீடு வேண்டும். ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.